ரெக்கவரி வண்டித் தொழில்: விலை குறைந்த வண்டியா, செலவு குறைந்த வண்டியா?



வளைகுடாவில் பல ஆண்டுகள் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்களுக்கு ரெக்கவரி வண்டி புதிதல்ல. கைச் சேமிப்பைக் கொண்டு இங்கேயும் அந்தத் தொழிலைச் செய்யலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் விசாரிப்பது, எந்த வண்டி மலிவாகக் கிடைக்கும் என்பதைத்தான். ஆனால் வாங்கும்போது மலிவாக இருக்கும் வண்டி வேறு. ஓடி முடியும்போது செலவு குறைவாக இருக்கும் வண்டி வேறு. இந்த வேறுபாடு புரியாமல் இறங்கினால் பல ஆண்டுச் சம்பாத்தியம் ஒரே வண்டியில் கரைந்துவிடும்.

ஒருவர் தம் வாகனத்தில் ஏற உதவுவதையும், அவருடைய சுமையைத் தூக்கி அதில் வைத்துக் கொடுப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தர்மங்களில் ஒன்றாக எண்ணியிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. நடுவழியில் நின்றுவிட்ட குடும்பத்துக்குக் கைகொடுக்கும் இந்தத் தொழில், முறையாகச் செய்தால் வருமானமும் தரும், நன்மையும் தரும். அதற்குச் செய்ய வேண்டிய கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சாலையைப் பாருங்கள்

சுங்கச்சாவடி உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணை அழைத்தால் சாலைப் பராமரிப்பு நிறுவனத்தின் கிரேன் வரும். பொதுவாக அது வண்டியைப் பாதையிலிருந்து அகற்றிப் பாதுகாப்பான இடத்தில் விடும். அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு செல்வது வண்டிக்காரரின் பொறுப்பு. தனியார் ரெக்கவரி வண்டிக்கு வேலை இருப்பது அங்கேதான். அதோடு ஊர்ச் சாலைகள், மாநிலச் சாலைகள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒர்க்‌ஷாப்புகளிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகள்.

வண்டி வாங்குவதற்கு முன் ஒரு மாதம் உங்கள் வட்டாரத்து மெக்கானிக்குகளிடமும் டயர் கடைகளிலும் விசாரித்து எழுதிவையுங்கள். மாதத்தில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன? சிறிய கார்களா, இன்னோவா போன்ற பெரிய வண்டிகளா? ஒர்க்‌ஷாப் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? எந்த வண்டி வாங்குவது என்பதை இந்தக் குறிப்பேடுதான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று வகை வண்டிகள்

1. கொக்கியும் கம்பி வடமும் கொண்ட கிரேன் வகை. விலை குறைவு. பள்ளத்தில் இறங்கிய வண்டியை வெளியே எடுக்க உதவும். ஆனால் நல்ல நிலையில் உள்ள காரை இதில் கட்டி இழுத்தால் பம்பர் நெளியும்.

2. இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கி இழுக்கும் வகை. குறுகிய தெருக்களுக்கு ஏற்றது, எரிபொருள் செலவும் குறைவு. ஆனால் இயங்கு சக்கரங்கள் தரையில் உருண்டபடி இழுத்தால் ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸும், மின்சாரக் காரின் மோட்டாரும் பழுதாகலாம். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளை எந்தப் பக்கம் தூக்கினாலும் இதே ஆபத்துதான்.

3. பிளாட்பெட். மேடையைச் சரித்து, வின்ச் மூலம் காரை மேலேற்றி, நான்கு சக்கரங்களையும் பெல்ட்டால் கட்டிச் செல்வது. விலை அதிகம். ஆனால் கார், மின்சாரக் கார், பைக் எதையும் ஏற்றலாம். ஆட்டோமேட்டிக்கும் மின்சார வண்டியும் பெருகிவரும் இந்தக் காலத்தில், ஒரே ஒரு வண்டியுடன் தொடங்குபவருக்கு இதுவே ஏற்றது.

எடைக் கணக்கு

ஆர்.சி.யில் வண்டியின் மொத்த எடை வரம்பு எழுதப்பட்டிருக்கும். அது ஏற்றக்கூடிய சுமை அல்ல. வண்டி, மேடை, ஹைட்ராலிக், ஆட்கள், சுமை எல்லாம் சேர்ந்த எடை.

உதாரணத்துக்கு, 5,000 கிலோ வரம்புள்ள வண்டி ஒன்று, மேடையும் வின்சும் பொருத்திய பின் எடை மேடையில் 3,300 கிலோ காட்டுகிறது என்று வைப்போம். ஆட்களுக்கும் சாமான்களுக்கும் 200 கிலோ. மீதம் 1,500 கிலோ. சுமார் 900 கிலோ உள்ள ஸ்விஃப்டைத் தாராளமாக ஏற்றலாம். 1,800 கிலோவை ஒட்டிய இன்னோவா கிறிஸ்டாவை ஏற்றக் கூடாது. ஏற்றினால் அபராதம் ஒருபுறம். பிரேக் பிடிக்காமல் போகும் ஆபத்து மறுபுறம்.

7,000 கிலோ வரம்புள்ள வண்டி வெறுமையாக 4,200 கிலோ இருந்தால், அதே 200 கிலோ போக மீதம் 2,600 கிலோ. இன்னோவாவும் ஃபார்ச்சூனரும் இதில் அடங்கும். மேடை 17 அடி இருந்தால் நீளமும் போதும்.

எனவே பழைய வண்டி வாங்கினாலும், நாமக்கல் போன்ற ஊரில் புது சேஸிஸுக்குப் பாடி கட்டினாலும், முழுப் பணம் கொடுக்கும் முன் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

பழையதா, புதியதா?

இங்கே சொல்லும் தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

பழைய வண்டி 8 லட்சம். 4 ஆண்டு ஓட்டி 3 லட்சத்துக்கு விற்கிறோம். குறைந்த மதிப்பு 5 லட்சம், மாதத்துக்கு ஏறத்தாழ 10,400 ரூபாய். பழுதுச் செலவு மாதம் 12,000 என்றால் மொத்தம் 22,400.

புதிய வண்டி 20 லட்சம்; 8 ஆண்டு ஓட்டி 5 லட்சத்துக்கு விற்கிறோம். குறைந்த மதிப்பு 15 லட்சம், மாதத்துக்கு ஏறத்தாழ 15,600. பழுதுச் செலவு மாதம் 4,000 என்றால் மொத்தம் 19,600.

விலையில் 12 லட்சம் கூடுதலான வண்டி, மாதச் செலவில் குறைவாக வருகிறது. பழைய வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களின் வருமான இழப்பு தனி. அதே சமயம், பழுதுச் செலவு மாதம் 6,000-க்குள் அடங்கும் நல்ல பழைய வண்டி கிடைத்தால் கணக்கு திரும்பிவிடும். ஆகவே நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் சென்று என்ஜின், ஹைட்ராலிக் கசிவு, வின்ச் வடம், சேஸிஸ் வெல்டிங் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் கணக்கில் பலர் தவறுவது திரும்பும் தூரத்தில். கார் 40 கிலோமீட்டர் தூரத்தில் நிற்கிறது என்றால் நம் வண்டி ஓடுவது 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தந்தால் 10 லிட்டர். கட்டணத்தை இரு வழிக்கும் சேர்த்தே வகுக்க வேண்டும்.

சட்டமும் ஆவணங்களும்

மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது. எனவே 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குக் கனரக ஓட்டுநரைத் தேட வேண்டியதில்லை. பழுதான வண்டியை இழுக்க மட்டுமே பயன்படும் வண்டிக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு பெர்மிட் விலக்கு தருகிறது. உங்கள் வண்டி எந்த வகையில் பதிவாகும் என்பதை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லாரிக்குப் பின்னால் மேடை பொருத்தியிருந்து, அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு, மேடையில் இருக்கும் வாடிக்கையாளரின் காருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யாது. அந்தப் பொறுப்பை எப்படி ஏற்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

முதல் எங்கிருந்து?

15 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு 5 ஆண்டுக் கடனாக வாங்கினால் வட்டி மட்டும் சுமார் 4.5 லட்சம். உலகக் கணக்கிலேயே இது சுமை. அல்லாஹ் தடுத்ததில் பரகத் ஏது?

இதற்கு மாற்றாக நம் ஊர்களில் நடக்கும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு லட்சம் தருகிறேன், தொழில் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதம் இவ்வளவு கொடுத்துவிடு, கேட்கும்போது முதலைத் திருப்பித் தா என்பது. பங்கு என்று பெயர் வைத்தாலும் இது வட்டிதான். கொடுப்பவர் மாமாவாகவோ மச்சானாகவோ இருந்தாலும் சட்டம் மாறாது.

தெளிவான வழி ஒன்று உண்டு. மூவர் சேர்ந்து 18 லட்சத்துக்கு வண்டியை வாங்குகிறார்கள். 9, 6, 3 லட்சம். வண்டி மூவருக்கும் சொந்தம். ஓட்டுபவருக்கு மாதம் 24,000 ரூபாய் வாடகைக்கு விடுகிறார்கள். வாடகை 12,000, 8,000, 4,000 எனப் பிரியும். என்ஜின் பழுதானால் அந்தச் செலவும் இதே விகிதத்தில் உரிமையாளர்களையே சேரும். வண்டி பழுதாகி நிற்கும் நாட்களுக்கு வாடகை இல்லை. பணத்துக்கு மாதத் தொகை கேட்பது ஹராம், வண்டிக்கு வாடகை கேட்பது ஹலால் என்பதன் காரணம் இதுதான்: வண்டியின் நஷ்டத்தை உரிமையாளர் சுமக்கிறார்.

வாடகைக்குப் பதிலாக வருமானத்தில் பங்கு பேசலாமா? முளாரபாவின் முதல் பணமாகவே இருக்க வேண்டும் என்பதால் ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு இடமில்லை. ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. ஒப்பந்தம் எழுதும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

உழைக்கும் வண்டியின் மீது ஜகாத் இல்லை. அதில் ஈட்டிய பணம் நிஸாபை எட்டி ஓர் ஆண்டு இருந்தால் 2.5 சதவீதம் கொடுக்க வேண்டும்.

மேடையில் இருப்பது அமானிதம்

கூலி வேலையில் கூலி முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அடிப்படைக் கட்டணம் இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என அச்சிட்டு வண்டியிலேயே ஒட்டுங்கள். நள்ளிரவில் பிள்ளைகளோடு நிற்பவரிடம், காரை மேடையில் ஏற்றிய பிறகு விலை பேசுவது வியாபாரம் அல்ல. வண்டிக்காரருக்குத் தெரியாமல் ஒர்க்‌ஷாப்பில் கமிஷன் வாங்கிக்கொண்டு அங்கேயே காரைக் கொண்டுபோய் விடுவது மோசடி.

பலருக்கும் வேலை செய்யும் கூலியாளரின் கையில் பொருள் சேதமானால் யார் பொறுப்பு என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களுடைய மாணவர்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கவனக்குறைவால் வந்த சேதத்துக்குக் கூலியாளரே ஈடு தர வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. தேய்ந்த பெல்ட்டால் கட்டுவதும், எடை வரம்பை மீறி ஏற்றுவதும் கவனக்குறைவே. ஏற்றும் முன் காரை நான்கு பக்கமும் கைபேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். இருவருக்கும் அது பாதுகாப்பு.

உங்கள் சாலையின் கார்களைப் பத்திரமாகச் சுமக்கும், வட்டி கலக்காத, ஆவணம் சரியான வண்டி சில லட்சம் கூடுதலாக இருந்தாலும் அதுவே சிக்கனமான வண்டி. அதற்குப் பணம் போதவில்லை என்றால் கடனுக்கு ஓட வேண்டாம். நல்ல கூட்டாளிகளைத் தேடுங்கள்.

அல்லாஹ் நம் உழைப்பில் ஹலாலான வருமானத்தையும் பரகத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.