யாத்திராகமம்: முதலில் விடுதலை, அப்புறம் அழைப்பு

யாத்திராகமம் என்றவுடன் நிறையப் பேருக்கு ஞாபகம் வருவது 1956-ல் வந்த 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படம்தான். சார்ல்டன் ஹெஸ்டன் கையை நீட்டுவார், கடல் இரண்டாகப் பிளக்கும். கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக அந்தக் கடலில் இன்னொன்றையும் பார்த்து வருகிறார்கள். அந்தப் பார்வை எங்கே தொடங்கியது, எங்கெல்லாம் தடம் மாறியது என்று கொஞ்சம் பார்ப்போம்.

கதை தெரியாத நண்பர்களுக்குச் சுருக்கமாக: எகிப்தில் இஸ்ரவேலர் அடிமைகள், செங்கல் செய்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோசேயைக் கடவுள் எரியும் முட்செடியிலிருந்து கூப்பிட்டுப் பார்வோனிடம் அனுப்புகிறார். பத்து வாதைகள். கடைசி வாதையின் இரவில், ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீடுகளை மட்டும் சாவு கடந்து போய்விடுகிறது. அதுதான் பஸ்கா. பிறகு செங்கடல், வனாந்தரம், சீனாய் மலை. (இது வரலாற்றில் எப்போது, எப்படி நடந்தது என்பது தனிச் சண்டை. கி.மு. 1208 வாக்கில் மெர்னெப்தா என்ற எகிப்திய அரசன் வைத்த கல்வெட்டில் இஸ்ரவேல் என்ற பெயர் இருக்கிறது. வெளியேறிய கதை அதில் இல்லை.)

இயேசுவுக்குப் பின் முப்பது வருடம்கூட ஆகாத நிலையில், கி.பி. 50களில், பவுல் கொரிந்து சபைக்குக் கடிதம் எழுதுகிறார். அதில் கிறிஸ்துவே பஸ்கா ஆட்டுக்குட்டி. கடலைக் கடந்தது ஞானஸ்நானம். இந்த ஒப்பீட்டுக்கு அவர் கையாளும் கிரேக்கச் சொல் 'டூபோஸ்'. அச்சைக் குத்தினால் பதியும் தடம் என்று அர்த்தம். பழைய தமிழ் பைபிளில் 'திருஷ்டாந்தம்' என்று போட்டிருப்பார்கள்.

சுவிசேஷங்களும் இதே வழியில்தான் போகின்றன. பஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்பது யாத்திராகமத்தின் விதி. சிலுவையில் இயேசுவின் கால் எலும்புகளை முறிக்காமல் விட்டதை யோவான் அதனோடு முடிச்சுப் போடுகிறார். இஸ்ரவேல் என்ற மகனை எகிப்திலிருந்து கடவுள் அழைத்ததாக ஓசியா தீர்க்கதரிசி சொன்னதை, மத்தேயு குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பிய நிகழ்ச்சிக்குப் பொருத்துகிறார். எனக்கு மிகவும் பிடித்தது லூக்கா. மலைமேல் மோசேயும் எலியாவும் இயேசுவோடு பேசியது அவருடைய 'எக்ஸோடோஸ்' பற்றி என்று எழுதியிருக்கிறார். யாத்திராகமத்தின் கிரேக்கப் பெயரே அதுதான்! பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'மரணம்' என்று இருப்பதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை.

மீட்பு என்ற சொல்லையும் பாருங்கள். நாங்கள் வணிகவியலில் கடன் பத்திரங்களை மீட்பது பற்றிப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறோம். யாத்திராகமத்திலும் அந்தக் கணக்கு உண்டு. கழுதையின் தலையீற்றை ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்து மீட்க வேண்டும் என்கிறது 13ஆம் அதிகாரம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று. சிலுவையை விளக்க வந்தவர்களுக்குக் கையில் தயாராகக் கிடைத்த மொழி இது.

ஆனால் ஆடு, இரத்தம், தண்ணீர் என்ற ஒற்றுமைகளைவிட, கதையின் வரிசைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். சீனாய் மலையில் கட்டளைகள் கிடைப்பது எகிப்தைவிட்டுப் புறப்பட்ட மூன்றாம் மாதத்தில். "ஒழுங்காக நடந்து காட்டுங்கள், அப்புறம் விடுவிக்கிறேன்" என்று கடவுள் பேரம் பேசவில்லை. முதலில் விடுதலை. அதற்குப் பிறகுதான் ஆசாரியர்களின் ராஜ்யமாக இருங்கள் என்ற அழைப்பு. பேதுருவின் முதல் கடிதம் அதே அழைப்பை எடுத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கொடுக்கிறது. மீட்பு இனாம், அழைப்பு அதன் தொடர்ச்சி என்கிற போதனைக்கு அஸ்திவாரம் இந்த வரிசைதான்.

இதை இரண்டு விதமாகக் கெடுத்திருக்கிறார்கள். முதலாவது, இன்றைய துருக்கியில் இருக்கும் சர்தை நகரத்து மெலித்தோ. இரண்டாம் நூற்றாண்டு ஆயர். பஸ்காவைப் பற்றிய அவருடைய பிரசங்கம் பாப்பிரஸ் ஏடுகளில் கிடைத்து 1940-ல் அச்சானது. சிற்பி முதலில் மாதிரி செய்வான், சிலை முடிந்ததும் மாதிரிக்கு மதிப்பில்லை என்கிறார். அழகான உவமைதான். ஆனால் அந்த "மாதிரி", சர்தையிலேயே வாழ்ந்த உயிருள்ள யூத ஜனங்கள் அல்லவா? அதே பிரசங்கத்தில் கடவுளைக் கொன்ற பழியையும் அவர்கள்மேல் போடுகிறார். அந்தப் பழி ஐரோப்பாவில் எத்தனை கொலைகளுக்குச் சாக்கானது என்பது தெரிந்ததே. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கை, இயேசுவின் மரணத்துக்காக யூதர் எல்லோரையும் குற்றம் சாட்டக் கூடாது என்று சொன்னது. யாத்திராகமம் திருச்சபையின் மீட்புக்கு முன்னடையாளம் என்று சொல்வதும் அதே அறிக்கைதான். அடையாளத்தை வைத்துக்கொண்டு பழியை விட முடியும் என்பதற்கு அது சாட்சி. பதினெட்டு நூற்றாண்டு தாமதம்.

இரண்டாவது இன்னும் மோசம். 1807-ல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக ஒரு பைபிள் அச்சடித்தார்கள். பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. யாத்திராகமத்தில் எகிப்திலிருந்து வெளியேறும் பகுதி முழுவதும் காலி! 19ஆம் அதிகாரத்திலிருந்து, அதாவது சீனாய் மலையிலிருந்துதான் தொடங்குகிறது. விடுதலை வேண்டாம், கட்டளை மட்டும் போதும். எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் பகுதி மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆன்மாவின் மீட்பைப் போதித்தால் போதும், உடம்பின் விடுதலை கதையிலிருந்து போனால் பரவாயில்லை என்று நினைத்தவர்களின் வேலை இது.

அப்படியும் அந்தக் கதை அடிமைகளிடம் போய்ச் சேராமல் இல்லை. அமெரிக்காவில் தானும் தப்பி, திரும்பிப் போய் மற்றவர்களையும் கூட்டி வந்த ஹாரியட் டப்மனை "மோசே" என்றே அழைத்தார்கள்.

அந்த வெட்டுப்பட்ட பைபிளின் பிரதிகளில் ஒன்று நாஷ்வில் நகரத்தில், விடுதலையான அடிமைகளுக்காக 1866-ல் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கிருந்து 1871-ல் நிதி திரட்டக் கிளம்பிய மாணவர் பாடகர் குழு ஊர் ஊராகப் பாடிய பாட்டுகளில் ஒன்று 'கோ டவுன் மோசஸ்'.