இணைப்பின் மறுமுனை

தரவுத்தளமும் அதைக் கேட்கும் நிரலும் ஒரே பெருங்கணினிக்குள் இயங்கிய காலத்தில் பயனர்பெயர் தெரிந்தால் போதும். எந்தக் கணினியிலிருந்து வந்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. பயனர் கணினியும் சர்வரும் பிரிந்த பின்பே அது எழுந்தது.

1981இல் வரையறுத்த ஐபி நெறிமுறைப்படி, ஒவ்வொரு தரவுப்பொதியும் அனுப்புநரின் 32 பிட் முகவரியைச் சுமந்து வரும். தபால் உறையில் எழுதும் ‘அனுப்புநர்’ முகவரி போலத்தான். ஆக, இணைப்பு ஏற்பட்டதுமே மறுமுனை எது என்று சர்வரின் இயங்குதளம் அறிந்துவிடும். அதைத் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் வினவலிலேயே கேட்டுப் பெறும் வசதிதான் தாமதமாக வந்தது. 2005 ஜனவரியில் வெளியான போஸ்ட்கிரெஸ் 8.0 தரவுத்தள மென்பொருள் இதற்கென்றே ஒரு சார்பைத் தந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2005, நடப்பு இணைப்புகளின் பட்டியலில் முகவரிக்குத் தனி நெடுவரிசை ஒதுக்கியது.

கிடைக்கும் விடையை அப்படியே நம்புவது பேதைமை. அதே கணினிக்குள் யூனிக்ஸ் சாக்கெட் வழியே இணைந்தால் போஸ்ட்கிரெஸ் வெற்று மதிப்பையே தரும். இடையில் செயலி சர்வர் நின்றால் அதன் முகவரிதான் தெரியும்; ஆயிரம் பேர் பின்னால் இருந்தாலும் ஒரே எண். உண்மையான முகவரியைச் செயலிதான் குறித்துவைக்க வேண்டும்.

குறித்துவைத்தால் மட்டும் போதாது; பேணிக் காக்கவும் வேண்டும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, கணினிப் பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்கச் சொல்கிறது.