பூவை விடுங்கள், கிழங்கைப் பாருங்கள்

ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் பக்கம் போகிற யோகம் வாய்த்தால், ஒரு நாளை துலிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். ஸ்கிபோல் விமான நிலையத்திலேயே பஸ் நிற்கும். முக்கால் மணி நேரத்துக்குள் கொய்கென்ஹோஃப் தோட்டம். சுமார் 80 ஏக்கர். 70 லட்சம் கிழங்குகள். வருஷத்தில் 8 வாரம்தான் திறப்பார்கள்.

கிழங்கா? ஆமாம், துலிப் விதையிலிருந்து பூக்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதனால் நடுவது கிழங்கைத்தான். பார்க்க அசல் வெங்காயம். தோட்டத்துக்கு வெளியே வயல்களில், பூத்துச் சிரிக்கிற பூக்களை மெஷினால் தலைசீவித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பதறவேண்டாம். பூ போனால்தான் கிழங்கு பெருக்கும். காசு அதற்குத்தான்.

எத்தனை காசு? துருக்கி சுல்தான்களின் தோட்டத்துச் சரக்கு இது. 1593-ல் கரோலஸ் குளூசியஸ் என்கிற தாவரவியல் நிபுணர் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் நட்டார். 40 வருஷத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது. 1636 குளிர்காலத்தில் கிழங்கு மண்ணுக்குள் தூங்க, மதுக்கடைகளில் வெறும் சீட்டு கைமாறியது. பி.காமில் எங்களை உருப்போட வைத்த முன்பேர வர்த்தகம்தான். கோடு கோடாகத் தீற்றிய பூவுக்குக் கிராக்கி அதிகம். அந்தக் கோடு ஒரு வைரஸ் நோய் என்பது அப்போது யாருக்கும் தெரியாது!

1637 பிப்ரவரி 5. அல்க்மார் நகரில், அப்பாவை இழந்த பிள்ளைகளுக்காக ஓர் ஏலம். அவர் விட்டுப்போன கிழங்குகள் 90,000 கில்டருக்குப் போயின. நல்ல தச்சனின் வருஷ சம்பளமே 300 கில்டர் அளவில்தான். அதே வாரம் ஹார்லெம் நகர ஏலத்தில் கேட்க ஆளில்லை. அவ்வளவுதான், விலை பொலபொலவென்று உதிர்ந்தது. மறு வருஷம் ஹார்லெம் நகரசபை, பேசிய தொகையில் நூற்றுக்கு மூன்றரை கொடுத்துக் கணக்கை முடிக்கச் சொன்னது. நாடே திவாலானது, கால்வாயில் குதித்துச் செத்தார்கள் என்பதெல்லாம் பிற்காலக் கதை. ஆவணங்களைத் துழாவியவர்கள் அப்படி எதையும் காணவில்லை.

செத்தது பிறகு. 1944 செப்டம்பரில் ரயில்வே ஊழியர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். ஹிட்லரின் படைக்குக் கோபம். மேற்கு ஹாலந்துக்குப் போகிற சாப்பாட்டை நிறுத்தியது. தடையைத் தளர்த்துவதற்குள் கால்வாய்கள் உறைந்துவிட்டன. படகும் போகவில்லை. ஒரு கட்டத்தில் ரேஷன் ஆளுக்கு நாளைக்கு 400 கலோரி. நம் கணக்கில் சில இட்லிகள்தான் தேறும்.

கைவசம் இருந்தது? யுத்தத்தால் ஏற்றுமதி ஆகாத துலிப் கிழங்கு. பழுப்புத் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தைக் கிள்ளி எறிய வேண்டும். விஷம் அங்கேதான். மிச்சத்தை உருளைக்கிழங்கு மாதிரி வேகவைக்கலாம். காயவைத்து அரைத்தால் மாவு. செய்முறையை அதிகாரிகளே சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு அம்மாக்கள் அதைத்தான் ஊட்டினார்கள். அப்படியும், 1945 மே மாதம் விடுதலை வருவதற்குள் சுமார் 20,000 பேர் பசியில் போய்விட்டார்கள்.

நீங்கள் நிற்கிற தோட்டம் அப்போது கிடையாது. 1949-ல் கிழங்கு விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து, வெளிநாட்டு வியாபாரிகளுக்குச் சரக்கைக் காட்ட ஆரம்பித்தார்கள். 1950 வசந்தத்தில் மக்களுக்குத் திறந்தார்கள். இடத்துக்குப் பெயர் மட்டும் பழசு. 15-ம் நூற்றாண்டில் பக்கத்துக் கோட்டைக்குக் காய்கறி போன இடம். கொய்கென்ஹோஃப் என்றால், சமையலறைத் தோட்டம்.