தூதரும் வங்கித் தலைவருமான மிஃப்ளின் கிப்ஸ்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 1823-ஆம் ஆண்டு கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் மிஃப்ளின் விஸ்டார் கிப்ஸ். எட்டு வயதில் தந்தையை இழந்தார். தச்சுத் தொழில் பயின்றார். 1850-இல் சான் பிரான்சிஸ்கோ சென்று, காலணிகளுக்கு மெருகிட்டுப் பிழைத்தார். பின்னர் நண்பர் பீட்டர் லெஸ்டருடன் காலணிக் கடை நடத்தினார்.

வாக்குரிமை மறுக்கப்பட்ட கறுப்பினத்தாரிடமும் அரசு தலைவரி கேட்டது. இருவரும் கொடுக்க மறுத்தனர். கடைச் சரக்கு பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது, கேட்பார் ஒருவருமிலர். சரக்கு கடைக்கே திரும்பியது!

1858-இல் விக்டோரியா நகரில் குடியேறி, 1866-இல் அங்கு நகர மன்ற உறுப்பினரானார். நாற்பது வயதைக் கடந்த பின் சட்டம் பயின்றார். 1873-இல் லிட்டில் ராக் நகர நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அமெரிக்காவில் தேர்தல் வழி அப்பதவி எய்திய முதற் கறுப்பினத்தவர் அவரே. 1897 முதல் 1901 வரை மடகாஸ்கர் தீவில் அமெரிக்காவின் கான்சலாகத் தூதுப் பணி ஆற்றினார்.

ஓய்வை நாடாமல், 1903-இல் தம் மக்களுக்கென லிட்டில் ராக்கில் சேமிப்பு வங்கியொன்றை நிறுவித் தலைவரானார். 1908-இல் அவ்வங்கி முறிந்தது. நம்பிப் பணமிட்டோர் துயருற்றனர். 1915-இல் கிப்ஸ் மறைந்தார்.

இளைஞர்களே! உரிமைக்காக வரி மறுத்த அவர் துணிவையும், நடுவயதிலும் கற்ற அவர் வேட்கையையும் கைக்கொள்வோம். பொதுப்பணத்தைக் காப்பதில் விழிப்பு வேண்டும் என்பதை அவ்வங்கியின் வீழ்ச்சியிலிருந்து கற்போம்.