பள்ளிக்கூடத்து உலையில் யார் வீட்டு அரிசி?

சத்துணவுன்னு சொன்னா நம்ம பக்கம் எல்லாருக்கும் எம்.ஜி.ஆர் ஞாபகம்தான் வரும். எழுபது வயசு தாண்டினவங்களுக்குக் காமராசர் ஞாபகம் வரும். இப்போ ஒண்ணாவது படிக்கிற பிள்ளையைக் கேட்டா காலையில போடுற உப்புமாவையும் பொங்கலையும் சொல்லும். இது மொத்தமும் அரசாங்கம் மேலேர்ந்து இறக்கின திட்டம்னுதான் நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஊர்க்காரங்க கையால நடந்தது. அதிலயும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு இந்தக் கதையில தனி இடம் உண்டு. நம்ம பசங்களுக்கு அது தெரியல. தெரிஞ்ச வரைக்கும் வரிசையா எழுதி வைக்கிறேன்.

பழைய ஜில்லான்னா எதுன்னு முதல்ல சொல்லிடறேன். இன்னைக்குக் காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டுன்னு மூணா இருக்கிறது எல்லாம் அப்போ ஒரே ஜில்லா. 1997ல காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ரெண்டாச்சு. 2019ல செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமாச்சு.

நம்ம சீமை ஏரிப்பாசனச் சீமை. ஏரியில தண்ணி நின்னா நெல்லு, இல்லாட்டி கேவுரு, மல்லாட்டை. அறுத்த நெல்லைக் களத்துல அடிச்சு அம்பாரம் குவிச்சதும் யாரும் நேரா வீட்டுக்கு அள்ளிக்கிட்டுப் போகமாட்டாங்க. முதல்ல கோயிலுக்கு ஒரு பங்கு. அப்புறம் ஏரி மதகு பார்க்கிறவர், தலையாரி, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான்னு ஒவ்வொருத்தருக்கும் அளந்து போடணும். இதுக்கு மேரைன்னு பேரு. கும்பினிக்காரங்க 1763ல இந்தச் சீமையை நவாப்புகிட்டேர்ந்து ஜாகீரா வாங்கினப்புறம், 1767லேர்ந்து 1774 வரைக்கும் பர்னார்டுங்கிற இஞ்சினீயர் ஏறக்குறைய 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊர்ல எத்தனை வீடு, எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு மானியம்னு அதுல இருக்கு.

பள்ளிக்கூடமும் அப்படி ஊர்ச் செலவுலதான் ஓடிச்சு. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குப் பிள்ளைங்க வீட்லேர்ந்து நெல்லோ காசோ போகும். சென்னை மாகாண கவர்னர் மன்றோ 1822ல எல்லா கலெக்டருக்கும் எழுதிப் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826ல வந்த மொத்தக் கணக்கு, மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள். பெரும்பாலும் ஊர்க்காரங்க தாங்கினது.

இதை மட்டும் படிச்சிட்டு அந்தக் காலம் பொற்காலம்னு சொல்றவங்க இருக்காங்க. நான் அப்படிச் சொல்லமாட்டேன். களத்துல பங்கு இருந்தது வாஸ்தவம். ஆனா யாருக்கு எவ்வளவுன்னு பிறப்பு சொல்லிச்சு. நாத்து நட்டு, அறுத்து, அடிச்சுக் கொடுத்த கை கடைசியில நின்னு கூட்டிப் பெருக்கினதை வாங்கிக்கிட்டுப் போச்சு. திண்ணைப் பள்ளியில பொம்பளப் பிள்ளைங்க ரொம்பக் குறைவு. சேரிப் பிள்ளைங்க பல ஊர்கள்ல அந்தத் திண்ணையில ஏறவே முடியாது. 1891ல நம்ம ஜில்லா கலெக்டரா இருந்த ட்ரெமன்ஹீர், சேரி ஜனங்களுக்கு உழுற நிலம் மட்டுமில்ல, குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லன்னு மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். 1892ல பஞ்சமி நிலம் ஒதுக்கின உத்தரவு அதுலேர்ந்து வந்தது.

கூழ் ஊத்துறதையும் இதோட சேர்த்துத்தான் பார்க்கணும். ஆடி மாசம் நம்ம தொண்டை மண்டலத்துல மாரியம்மனுக்கும் எல்லையம்மனுக்கும் கூழ் ஊத்தாத ஊர் கிடையாது. வீட்டுக்கு வீடு வரி போட்டுக் கேவுரு மாவும் நொய்யும் சேர்த்து, முந்தின நாளே புளிக்க வெச்சு, பெரிய அண்டாவுல கிண்டுவாங்க. தொட்டுக்க முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. கருவாடு கடலோரக் குப்பங்கள்லேர்ந்து கூடையில வரும். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துலேர்ந்து மீன்காரம்மாக்கள் நெத்திலி, வாளைக் கருவாடு கொண்டாந்து நெல்லுக்கோ கேவுருக்கோ மாத்திக்கிட்டுப் போவாங்கன்னு எங்க ஆயா சொல்லும். ஒரு ஊருக்கே சமைக்கிற பழக்கம் நமக்குப் புதுசில்ல. ஆனா ஊருக்கு ஒரு அம்மன், சேரிக்கு ஒரு அம்மன். அண்டாவும் ரெண்டுதான்.

அந்த ரெண்டு அண்டாவை ஒண்ணா ஆக்கினது பள்ளிக்கூடம்.

முதல் அடி சென்னையில. 1920ல தியாகராயர் மாநகராட்சித் தலைவரா இருந்தப்போ, ஆயிரம் விளக்குல இருந்த மாநகராட்சிப் பள்ளியில பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல ஆகக்கூடாதுன்னு கணக்கு. அது பட்டணத்தோட நின்னுச்சு. கிராமத்துக்கு வர இன்னும் 36 வருஷம் ஆச்சு.

காமராசர் முதலமைச்சரா இருந்தப்போ கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. நம்ம ஜில்லாக்காரர். காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கத்துல 1912ல பிறந்தவர். பேர் முன்னாடி இருக்கிற ‘நெ’ அந்த ஊருதான். பசியோட வர்ற பிள்ளைக்குப் பாடம் ஏறாது, வீட்ல கஞ்சி இல்லாத பிள்ளை பள்ளிக்கே வராதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா கஜானாவுல காசு இல்ல. அதனால ஊர்க்காரங்ககிட்டயே கேட்கிறதுன்னு முடிவு பண்ணினாங்க. 1956ல எட்டயபுரத்துல காமராசர் ஆரம்பிச்சு வெச்சார். அரிசி, பருப்பு, விறகு எல்லாம் ஊர் கொடுக்கணும். அடுத்த வருஷம் அரசாங்கமும் கை கொடுத்துச்சு. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதுல 6 காசு அரசாங்கம், 4 காசு ஊர்.

அந்த 4 காசு எப்படி வந்துச்சுன்னு எங்க ஆயா சொல்லிக் கேட்டிருக்கேன். வீட்ல ஒரு சின்னப் பானை தனியா வெச்சிருப்பாங்க. உலையில அரிசி போடறப்போ ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில போடணும். வாரத்துக்கு ஒரு தடவை பெரிய வகுப்புப் பசங்க வந்து வாங்கிக்கிட்டுப் போவாங்க. அரிசி இல்லாத வீடு கேவுரு கொடுக்கும். அதுவும் இல்லாட்டி புளி, மிளகாய், ரெண்டு கத்திரிக்காய். சவுக்குத் தோப்பு வெச்சிருந்தவங்க மிளாறு கட்டு அனுப்புவாங்க. பெருசா யாரும் எதையும் தரல. பிடி பிடியா வந்து உலை நிறைஞ்சுச்சு.

சாப்பாட்டுக்கு அடுத்தது கட்டடம். சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஒண்ணு தொடங்கினார். முதல் மாநாடு 1958ல நம்ம ஜில்லாவுல, கடம்பத்தூர்ல நடந்துச்சு. இன்னைக்கு அது திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கு. ஊர்க்காரங்க கூடி, எங்க பள்ளிக்கு இது வேணும்னு பட்டியல் போட்டு, அங்கேயே யார் எதைத் தர்றதுன்னு ஏத்துக்கணும். ஒருத்தர் மனை, ஒருத்தர் ஓடு, ஒருத்தர் கரும்பலகை, ஒருத்தர் தண்ணிப் பானை, ஒருத்தர் ஏழைப் பிள்ளைங்களுக்கு ரெண்டு செட்டுத் துணி. அங்கேர்ந்து மாநிலம் முழுக்கப் போச்சு.

எனக்கு இதுல பெருசாத் தெரியறது பொருள் இல்ல. பிடி அரிசி ஊர்லேர்ந்தும் வந்துச்சு, சேரியிலேர்ந்தும் வந்துச்சு. பானைக்குள்ள போனப்புறம் எது யார் வீட்டு அரிசின்னு யாராலயும் பிரிக்க முடியாது. களத்து மேரையிலயும் கோயில் கூழ்லயும் நடக்காதது அந்த அடுப்புல நடந்துச்சு. உடனே எல்லாரும் சமமா உட்கார்ந்துட்டாங்கன்னு சொல்லல. தனி வரிசை, தனித் தட்டுன்னு முணுமுணுப்பு எல்லாம் இருந்துச்சாம். ஆனா உலை ஒண்ணுதான்.

1961லேர்ந்து கேர் நிறுவனம் மூலமா அமெரிக்காவுலேர்ந்து பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய் வர ஆரம்பிச்சுது. நான் எழுபதுகள்ல சாப்பிட்டது அந்த மஞ்சள் உப்புமாதான். அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கு. பிடி அரிசிப் பானை எங்க வீட்ல அதுக்கு முன்னாடியே ஊறுகாய்ப் பானை ஆகிடுச்சு.

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர் திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில சத்துணவைத் தொடங்கினார். கிராமத்துல முதல்ல 9 வயசு வரைக்கும். எனக்கு அப்போ 12. தங்கச்சிக்குக் கிடைச்சுது, எனக்கு இல்ல. 1984ல 15 வயசு வரைக்கும்னு ஆனப்புறம் நானும் தட்டைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்தேன். அறுபது லட்சம் பிள்ளைங்களுக்கு மேல ஒரே நேரத்துல சாப்பிடற ஏற்பாடு. அமைப்பாளர், சமையல் வேலைக்கு விதவைகளுக்கும் ஆதரவில்லாத பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தாங்க. எத்தனை குடும்பம் அதுல நிமிர்ந்துச்சுன்னு எங்க தெருவுலயே எண்ணிச் சொல்லலாம். 1989ல கலைஞர் காலத்துல முட்டை வந்துச்சு. முதல்ல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, 2010ல வாரம் அஞ்சு. 2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கப் பள்ளியில சமைச்ச சாப்பாடு போடணும்னு சொன்னப்போ, நமக்கு அது பழைய சேதி. 2022 செப்டம்பர் 15ல மதுரையில காலைச் சிற்றுண்டியும் தொடங்கியாச்சு. 2023 ஆகஸ்டுல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துடுச்சு.

அரசாங்கம் முழுச் செலவையும் ஏத்துக்கிட்டது சரிதான். ஊர் கையை நம்பினா வறண்ட வருஷத்துல உலை காயும். பணக்கார ஊருக்கு ஒரு சாப்பாடு, ஏழை ஊருக்கு ஒரு சாப்பாடுன்னு ஆகும். பிள்ளையோட பசி ஊராரோட தயவுல இருக்கக்கூடாது.

ஆனா செலவு போனதோட நம்ம கையும் போயிடுச்சு. நம்ம நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போகுது. நுகர்பொருள் வாணிபக் கழகத்துலேர்ந்து பள்ளிக்கு அரிசி வருது. நடுவுல ஊருக்கு வேலையில்ல. வேலை இல்லாத இடத்துக்கு யாரு போவாங்க? கொஞ்சம் வசதி வந்த வீடு, நான் நெல்லு வித்த காசையும் சேர்த்துத்தான் சொல்றேன், பிள்ளையை மஞ்சள் வேன்ல ஏத்தி அனுப்புது. நான் படிச்சப்போ ஒரு வகுப்புல இருந்த தலைங்க இன்னைக்கு அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து இல்ல. இதுல இழப்பு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இல்ல. ஊரும் காலனியும் ஒரே உலையில சாப்பிடற இடம் எங்க ஊர்ல இன்னைக்கும் அது ஒண்ணுதான். அங்கே பிள்ளை குறைஞ்சு பூட்டு விழுந்தா, மறுபடி ரெண்டு அண்டாதான். சமைக்கிறவங்க சாதியைப் பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெத்தவங்க பத்தி இப்பவும் பேப்பர்ல வருது. அதனால இது பழங்கதை இல்ல.

அந்தக் கை முழுக்க மரத்துப் போகலன்னும் பார்த்திருக்கேன். 2004 டிசம்பர் 26ல சுனாமி நம்ம கரையை அடிச்சப்போ, கல்பாக்கத்துலேர்ந்து கோவளம் வரைக்கும் குப்பங்கள் கலங்கிக் கிடந்துச்சு. எங்க ஊர் சத்துணவுக் கூடத்து அடுப்புலதான் சாம்பார் சாதம் கிளறினோம். அரிசி யார் வீட்டுதுன்னு யாரும் கேட்கல. டிராக்டர்ல ஏத்திக் கடலோரத்துக்குக் கொண்டு போனோம். கருவாடு கொண்டாந்து நமக்குப் போட்டவங்களுக்கு அன்னைக்கு நம்ம சோறு போச்சு.

சட்டம் இப்போ நமக்கு ஒரு இடம் கொடுத்திருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதுல முக்கால் பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பெண்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுட்டு வராம உட்கார்ந்து பேசினா, கடம்பத்தூர்ல நடந்தது மாதிரிப் பட்டியல் போடலாம்.

எங்க ஊர்ல நாங்க யோசிச்சிருக்கிறது சின்ன விஷயம். காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். ரெண்டு நாள்ல ஆடி பிறக்கும். அன்னைக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு பிடி கேவுரு. ஊர், காலனி, ரெண்டு பக்கமும் வாங்கணும். வாங்கிறதைக் குழுவுல இருக்கிற பெண்களே பார்த்துச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறாங்க. பள்ளி அடுப்புல, எப்பவும் சமைக்கிற அதே அம்மா கையால கூழும் முருங்கைக்கீரையும். பிள்ளைங்களோட பெத்தவங்களும் அதே வரிசையில உட்காரணும். பேனர் கிடையாது, யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு மைக்குல படிக்கிறதும் கிடையாது. தலைமை ஆசிரியர் மனுவா எழுதித் தரச் சொல்லியிருக்கார். எழுதிட்டோம். கையெழுத்து வாங்கத்தான் ரெண்டு தெருவுலயும் நடந்துக்கிட்டு இருக்கேன்.

உங்க ஊர்ல பிடி அரிசி வாங்கின கதை தெரிஞ்ச பெரியவங்க இருந்தா இப்பவே உட்கார வெச்சுக் கேட்டு எழுதி வைங்க. அந்தப் பானையைக் கண்ணால பார்த்தவங்க இன்னும் கொஞ்ச பேர்தான் இருக்காங்க.