பல்புக்குத் தெரியாத கசிவு

சேத்துப்பட்டு மாதிரி ஊர்களின் ரிப்பேர் கடைகளில் கிரைண்டரைச் சோதிக்கும் கருவி பெரும்பாலும் ஒரு குண்டு பல்புதான். சீரியலில் கட்டிய பல்பின் ஒரு முனை பிளக்கில், மறுமுனை உலோக உடம்பில். எரிந்தால் 'பாடி ஷார்ட்'. எரியலைன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்.

சிக்கலே அங்கதான். 60 வாட் பல்பு முழுசா எரிய சுமார் 260 மில்லி ஆம்பியர் வேணும். 1940களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சார்லஸ் டால்ஸீல் தன்னார்வலர்களை வைத்து அளந்தார். பிடித்த கம்பியை விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அந்தக் கசிவுக்குப் பல்பு கண்ணைக்கூடத் திறக்காது.

இந்தியா 1952லேயே தர முத்திரைக்குச் சட்டம் போட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை புதுப் பொருளுக்கு உறுதி சொல்லும். பத்து வருஷம் உழைத்த வயருக்குச் சொல்லாது. பிரிட்டனின் 1989 விதிகள் வேலையிட மின்சாதனங்களைத் தொடர்ந்து பராமரிக்கச் சொல்லின. அங்கே 'பேட்' சோதனை பரவியது: 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தால், எர்த் உள்ள சாதனத்தில் இன்சுலேஷன் தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்கத் தொடங்கியது. அவையும் இப்போது பழசாகிவிட்டன. ஈரக்கையோட, வெறுங்காலோட மாவைத் தள்ளிவிடுறது பெரும்பாலும் பெண்கள்தான். டால்ஸீல் கணக்கில் சின்ன எண் அவங்களோடது.

அடுத்த தடவை ரிப்பேர் கடையில் "மெக்கர் வச்சுப் பாத்தீங்களாண்ணா?" என்று கேளுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள்.