வீட்டுத் தோட்டமும் வரலாற்றுச் சான்றும்: லெஸ்டர் நகரப் பதிவுகளை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, அரசாவணம் ஆகியவற்றையே நாம் முதற்கண் கருதுகிறோம். நகரவாசி ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்திற்கு வந்துபோன பறவைகளையும் பூச்சிகளையும் குறித்துவைத்த ஏட்டினை அவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் சிலரே. ஆயினும், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நகர்ப்புற உயிரினங்கள் எவ்வாறு பெருகின, எவ்வாறு அருகின என்பதை அறிய அத்தகைய ஏடுகள் பெரிதும் துணைநிற்கின்றன. இங்கிலாந்தில் இவ்வழக்கம் வளர்ந்த முறையையும் அது தரும் சான்றின் தன்மையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிற்றூரிலிருந்து நகருக்கு

இவ்வழக்கத்தின் முன்னோடியாகக் கில்பர்ட் ஒயிட் (1720-1793) குறிப்பிடப்படுகிறார். செல்போர்ன் என்னும் சிற்றூரில் திருச்சபைப் பணியாற்றிய இவர், 1751ஆம் ஆண்டு முதல் தம் தோட்டத்தைப் பற்றிய குறிப்பேடு எழுதிவந்தார். அவ்வூரின் இயற்கை வரலாற்றைக் கூறும் இவருடைய நூல் 1789இல் வெளிவந்தது. ஓரிடத்திலேயே இருந்து, ஆண்டுதோறும் அதனையே மீண்டும் மீண்டும் நோக்குதல் என்னும் முறையே இவர் விட்டுச்சென்ற கொடை எனலாம். எனினும், ஒயிட் கண்டது நாட்டுப்புறம். நகரத் தோட்டமும் அத்தகைய நோக்கிற்குரியதே என்பது நிறுவப்பட ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கடந்தன.

ஒரு தோட்டம், முப்பது ஆண்டுகள்

விலங்கியல் அறிஞரான ஜெனிஃபர் ஓவன் (1936-2014), லெஸ்டர் நகரின் புறநகர்ப் பகுதியில் 741 சதுர மீட்டர் பரப்புள்ள தம் வீட்டுத் தோட்டத்தை 1972 முதல் 2001 வரை ஆராய்ந்தார். அது தனிப்பட்ட சிறப்பு எதுவுமற்ற தோட்டம். புல்தரை, பூச்செடிகள், காய்கறிப் பாத்திகள் என ஏனைய வீடுகளில் காணப்படுவனவே அங்கும் இருந்தன. பூச்சிக்கொல்லியை மட்டும் அவர் பயன்படுத்தவில்லை. கூடாரம் போன்ற வலைப்பொறியை அமைத்து, அதில் அகப்பட்டவற்றை இனம் பிரித்து எண்ணினார். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய்க்கு ஆளான பின்னரும் இப்பணி நிற்கவில்லை.

முப்பது ஆண்டு முடிவில் அவர் பதிவுசெய்தவை 2,673 இனங்கள். அவற்றுள் தாவரங்கள் 474, பூச்சிகள் 1,997, முதுகெலும்பற்ற பிற உயிர்கள் 138, முதுகெலும்புள்ளவை 64. அறிவியல் உலகம் அதுவரை அறிந்திராத பூச்சியினங்களும் அங்குக் கண்டறியப்பட்டன.

வெப்பமண்டலத்தில் வாழும் நமக்கு மற்றொரு செய்தி சிறப்பாக நோக்கத்தக்கது. ஓவனும் அவர்தம் கணவர் டெனிஸ் ஓவனும் முன்னர் உகாண்டாவிலும் சியரா லியோனிலும் பணியாற்றியவர்கள். பிற பூச்சிகளை ஒட்டுண்ணியாகப் பற்றி வளரும் ஒரு குளவிக் குடும்பத்தை அவ்விரு நாடுகளோடும் லெஸ்டரோடும் ஒப்பிட்டு 1974இல் இருவரும் கட்டுரை வெளியிட்டனர். எவ்வுயிர் வகையும் வெப்பமண்டலத்திலேயே மிகுதி என்னும் பொதுக்கருத்து அக்குளவிகளுக்குப் பொருந்தவில்லை. மறு ஆண்டில், புறநகர்த் தோட்டங்களே இங்கிலாந்தின் தலையாய இயற்கைக் காப்பகமோ என வினவும் தலைப்பில் மற்றொரு கட்டுரையையும் அவர்கள் எழுதினர்.

பல தோட்டங்கள், ஒரு மணிநேரம்

ஒருவர் நெடுங்காலம் நோக்குவது ஒரு முறை. பலர் குறுகிய நேரம் நோக்குவது மற்றொரு முறை. பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979ஆம் ஆண்டில், பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றன் துணையுடன், தோட்டப் பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஜனவரி இறுதியில் ஒரு மணிநேரம் பறவைகளை நோக்க வேண்டும். ஓர் இனத்தில் ஒரே வேளையில் காணப்பட்ட மிகுதியான எண்ணிக்கையை மட்டுமே குறிக்க வேண்டும். ஒரே பறவை இருமுறை எண்ணப்படாதிருக்கவே இவ்விதி வகுக்கப்பட்டது. 2021இல் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர்.

இக்கணக்கெடுப்பு அரிய பறவைகளைக் காட்டிலும் எளிய பறவைகளைப் பற்றியே மிகுதியாக உணர்த்தியது. மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங், 1979இல் தோட்டம் ஒன்றுக்குச் சராசரி 15 எனப் பதிவாகி முதலிடம் பெற்றது. பின்வந்த நான்கு பதிற்றாண்டுகளில் அவ்வெண்ணிக்கை எண்பது விழுக்காட்டிற்கும் மேல் சரிந்தது. அண்மை ஆண்டுகளில் முதலிடம் பெற்றுவரும் சிட்டுக்குருவியோ, தொடக்க காலத்தோடு ஒப்பிடுகையில் பாதிக்கும் மேல் குறைந்துள்ளது. தரவரிசை மறைத்ததை எண்ணிக்கை காட்டிற்று. மிகுதியாக இருந்த காலத்தில் எவரும் எண்ணியிராவிடில், இக்குறைவை அளந்து கூற வழியிருந்திராது.

உதவியும் சோதனையும்

பதிவு, உயிரினங்களுக்கு நாம் செய்யும் உதவியையும் சோதிக்கிறது. ஷெஃபீல்டு நகரில் 1999ஆம் ஆண்டில் தொடங்கிய பல்கலைக்கழக ஆய்வொன்று, தோட்டக்காரர்களுக்கு வழங்கப்படும் அறிவுரைகளை வீட்டுத் தோட்டங்களிலேயே சோதித்தது. தனித்து வாழும் தேனீக்களுக்கென வைத்த செயற்கைக் கூடுகள் பயன்பட்டன. பம்பிள்தேனீக்களுக்கென வைத்த கூடுகளில் எதுவும் குடியேறவில்லை. வண்ணத்துப்பூச்சிகளை ஈர்க்குமென வளர்த்த காஞ்சொறிச் செடிகளும் ஆய்வுக் காலத்தில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நல்லெண்ணத்தால் செய்யப்படுவன அனைத்தும் நன்மையாக முடிவதில்லை என்பதை இம்முடிவுகள் உணர்த்துகின்றன. உதவியோடு பதிவும் சேரும்போதே எது பயன்தரும் என்பது தெளிவாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தோட்டப் பதிவின் மதிப்பு அரியதைக் கண்டதில் மட்டுமன்று, எளியதை இடைவிடாது ஒரே முறையில் குறித்ததில் உள்ளது என்பது பெறப்படும். இம்முறை நம் பகுதிக்கும் புதிதன்று. 1940இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகம் 2010ஆம் ஆண்டில் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவைகள் எண்ணப்படுகின்றன.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப்பொறுப்பு ஒன்றுண்டு. இலக்கிய வகுப்பில் புள்ளினப் பெயர்களைப் பயிலும் மாணவர், சன்னலுக்கு வெளியே கூவும் மாங்குயிலையும் பூவில் தேனுண்ணும் தேன்சிட்டையும் அப்பெயரிட்டு அழைக்க அறியாதிருத்தல் கூடும். பள்ளி வளாகத்தின் ஒரு மரத்திற்கு வரும் பறவைகளை நாள், நேரம், எண்ணிக்கையுடன் தமிழ்ப்பெயரிட்டு ஆண்டுதோறும் குறித்துவரின், பின்வரும் ஆய்வாளர்க்கு அது சான்றாகும். வழக்கில் அருகிவரும் சொற்களும் அவ்வேட்டில் நிலைபெறும்.